சுவருக்கு முதல் செலவு, புரொஜெக்டருக்கு மிச்சம்

ஹோம் தியேட்டர் வைக்க நினைப்பவர்கள் கடையில் முதலில் கேட்பது "எந்த மாடல் நல்லது?" என்றுதான். அறை எத்தனை அடி, ஜன்னல் எந்தப் பக்கம், சீலிங் ஃபேன் எங்கே தொங்குகிறது என்று கேட்காமலே ஒரு மாடலைக் கையில் கொடுத்து அனுப்பினால் அது குருட்டாம்போக்கு வியாபாரம். நல்ல சுவரும் இருட்டும் இருக்கிற ரூமில் சுமாரான புரொஜெக்டரே ஜொலிக்கும். மேடு பள்ளச் சுவரும் நாலு பக்கம் வெளிச்சமும் இருக்கிற ஹாலில் இரண்டு லட்ச ரூபாய் மிஷினும் வெளுத்துப்போன படத்தைத்தான் காட்டும்.

நடுவில் திறந்த முற்றமுள்ள தொட்டிக்கட்டு வீட்டின் ஆசாரத்தில் (கூடத்தில்) பகலில் படம் பார்க்கும் ஆசையை விட்டுவிடலாம். தொட்டி வழியாக இறங்கும் வெளிச்சத்தை எந்தப் புரொஜெக்டரும் ஜெயிக்காது. ஹாலும் டைனிங்கும் ஒன்றாகத் திறந்து கிடக்கும் புது வீடுகளிலும் நிலைமை இதேதான். தோதான இடம் என்றால் 10க்கு 14 அல்லது 12க்கு 16 அடி பெட்ரூம்தான், பெரும்பாலும் மாடியில் இருக்கும். அங்கே இன்னொரு தலைவலி உண்டு. பெரும்பாலான புரொஜெக்டர்கள் 35 டிகிரி வரை, சில 40 டிகிரி வரை வேலை செய்யும்படி செய்யப்பட்டவை. சித்திரை, வைகாசியில் ஈரோடு, கரூர்ப் பக்கம் வெளி வெயிலே 40ஐத் தொடும். ஏசி இல்லாத மாடி ரூமில் காங்கிரீட்டை ஒட்டி மிஷினை மாட்டினால் சூடு தங்கும் இடத்தில் அதை வைத்ததாகிவிடும். இன்டர்வெல் வருவதற்குள் தானே மங்கும், இல்லாவிட்டால் அணைந்துவிடும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்குச் சிக்கல் வேறு மாதிரி. 1500 மீட்டருக்கு மேலே காற்று லேசு என்பதால் மெனுவில் ஹை ஆல்டிட்யூட் மோடைப் போட்டு ஃபேன் வேகத்தைக் கூட்ட வேண்டும். வால்பாறை உயரத்துக்கு அது தேவைப்படாது.

எத்தனை அங்குலம், எத்தனை லூமென்

உட்காரும் தூரம் திரையின் மூலைவிட்ட அளவைப்போல 1.2 முதல் 1.6 மடங்கு இருந்தால் நன்றாக இருக்கும். 100 அங்குலத் திரைக்கு அது 10 அடியிலிருந்து 13 அடி. 14 அடி நீள ரூமுக்கு 100 அங்குலம் போதும். 120க்கு ஆசைப்பட்டால் முன்வரிசை டிக்கெட் எடுத்த கதையாகிவிடும்.

16:9 விகிதத்தில் 100 அங்குலத் திரை 87 அங்குல அகலம், 49 அங்குல உயரம். பரப்பு ஏறத்தாழ 30 சதுர அடி. 120 அங்குலம் என்றால் 105க்கு 59. பரப்பு 43 சதுர அடி. சைஸ் 20 சதவீதம்தான் கூடியது, ஆனால் அதே வெளிச்சம் 44 சதவீதம் கூடுதல் பரப்பில் பரவ வேண்டும்.

திரையிலிருந்து கண்ணுக்கு வரும் வெளிச்சத்தை ஃபுட் லாம்பர்ட்டில் அளப்பார்கள். இருட்டு ரூமில் சினிமா பார்க்க 16 ஃபுட் லாம்பர்ட் நல்ல இலக்கு. மிஷின் தரும் மொத்த ஒளியின் அளவான லூமெனை, திரை ஒளியை எவ்வளவு திருப்புகிறது என்று சொல்லும் கெய்னால் பெருக்கி, சதுர அடியால் வகுத்தால் ஃபுட் லாம்பர்ட் வரும். பளபளப்பில்லாத மேட் வெள்ளைப் பெயின்டின் கெய்னை 0.85 என்று வைத்தால், 100 அங்குலத்துக்கு 16 × 30 ÷ 0.85, அதாவது சுமார் 560 லூமென் போதும், 120க்கு 800. இவ்வளவு குறைவா என்று தோன்றலாம். ஆனால் பெட்டியில் அச்சிட்ட எண்ணை மிஷின் தருவது பச்சை தூக்கலாகத் தெரியும் டைனமிக் மோடில். முகத்தின் நிறம் சரியாகத் தெரியும் சினிமா மோடுக்கு மாற்றினால் பாதியிலிருந்து முக்கால் பங்குதான் மிஞ்சும். எகோ மோடு அதிலும் குறைக்கும். லாம்ப் தன் ஆயுளுக்குள் பாதி வெளிச்சத்தை இழக்கும். இவ்வளவையும் கழித்தால், இருட்டு ரூமில் 100 அங்குலத்துக்கு 2000 முதல் 2500 ஏஎன்எஸ்ஐ அல்லது ஐஎஸ்ஓ லூமென் (தர விதிப்படி அளந்த எண்) உள்ள மிஷினே தாராளம். லைட் எரிய விட்டுக் கிரிக்கெட் பார்க்கும் ஹாலுக்கு 3000க்கு மேல் பாருங்கள்.

ஏஎன்எஸ்ஐ என்ற சொல்லே இல்லாமல் "9000 லூமென்" என்று போட்டு வரும் மலிவு எல்இடி பெட்டிகளை நம்ப வேண்டாம். அவை உண்மையில் சில நூறு லூமென்தான் தரும். 300 ஏஎன்எஸ்ஐ தருகிற நல்ல ரகம் இருட்டில் 80 அங்குலத்துக்குச் சமாளிக்கும். குழந்தைகளுக்குக் கார்ட்டூன் போட்டுக் காட்ட அது போதும். ஹோம் தியேட்டர் என்று பேர் வைத்து அதன்மேல் பணத்தைப் போட வேண்டாம்.

டிஎல்பியா, 3எல்சிடியா, லேசரா

நுண்ணிய கண்ணாடிகள் பதித்த சிப்பால் படம் காட்டுவது டிஎல்பி. ஒற்றைச் சிப் டிஎல்பியில் சுழலும் கலர் வீல் வழியாகச் சிவப்பு, பச்சை, நீலம் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. சிலர் கண்ணைச் சட்டென்று திருப்பும்போது வெள்ளை எழுத்தின் ஓரத்தில் வானவில் நிறங்கள் தெறிக்கும். சிலருக்கு ஆயுசுக்கும் தெரியாது. அதனால் வாங்குமுன் வீட்டில் படம் பார்க்கிற எல்லோரையும் கடைக்குக் கூட்டிப் போங்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து ஓடும் டைட்டிலைப் போடச் சொல்லி, கண்ணை இடம் வலமாக ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருவருக்குத் தெரிந்தாலும், நிறத்துக்கு ஒன்றாக மூன்று எல்சிடி பேனல் வைத்த 3எல்சிடிக்குப் போய்விடுங்கள். எப்சன் போன்ற 3எல்சிடி மிஷின்களில் மூன்று நிறமும் ஒரே நேரத்தில் விழுவதால் வானவில் கிடையாது. வெள்ளைக்கும் நிறங்களுக்கும் ஒரே அளவு லூமென் கிடைக்கும். கலர் வீலில் வெள்ளைத் துண்டு சேர்த்த டிஎல்பிகளில் வெள்ளை பளிச்சென்று இருக்கும், சிவப்புப் புடவை மட்டும் மங்கித் தெரியும்.

இவ்வளவு சொன்னபின்னும் கொங்கு நாட்டின் ஒரு பகுதிக்கு டிஎல்பியையே சிபாரிசு செய்ய வேண்டியிருக்கிறது. காரணம் பஞ்சு. சோமனூர், பல்லடம், திருப்பூர் வட்டாரத்தில் பக்கத்துச் சந்தில் தறி ஓடினாலோ பனியன் கம்பெனி இருந்தாலோ காற்றிலேயே நூல் துகள் மிதக்கும். 3எல்சிடியில் குளிர்காற்று பேனல்களைத் தொட்டே போகிறது. ஃபில்டர் அடைத்தால் சூடேறும், அதைத் தாண்டி உள்ளே போன துகள் பேனலில் உட்கார்ந்தால் இருட்டுக் காட்சியில் மங்கலான நிறத் திட்டாகத் தெரியும். அதை எடுக்க மிஷினைப் பிரித்தாக வேண்டும். ஒளிப்பாதையை மூடி அடைத்த டிஎல்பிக்கு, முக்கியமாக லேசர் அல்லது எல்இடி விளக்குள்ள ரகத்துக்கு, இந்தத் தொல்லை குறைவு. தறிச் சத்தம் கேட்கிற வீட்டில் 3எல்சிடிதான் வேண்டும் என்றால் மாதம் ஒருமுறை ஃபில்டரை வாக்யூம் செய்யச் சலிக்கக் கூடாது.

லாம்ப் மிஷின் விலை குறைவு. விளக்கு 3000 முதல் 5000 மணி நேரம் வரும். லேசருக்கு 20,000 மணி நேரம் என்பது வழக்கமான கணக்கு. வாரம் இரண்டு படம் பார்க்கிற வீட்டுக்கு ஒரே லாம்பே பத்து வருஷத்துக்கு மேல் ஓடும். அதற்காக லேசருக்கு இரட்டை விலை கொடுக்கத் தேவையில்லை. தினமும் நாலு மணி நேரம் ஓடும் வீட்டில் லேசர்தான் கட்டுப்படியாகும். லாம்ப் மிஷின் ஓடும்போது கரண்ட் போனால் ஃபேன் நின்று, விளக்கின் சூடு உள்ளேயே தங்கி அதன் ஆயுளைக் குறைக்கும். 300 வாட் இழுக்கும் மிஷினுக்கு 1000 விஏ யூபிஎஸ் ஒன்று வைத்தால் முறையாக அணைக்க நேரம் கிடைக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் அது சைன் வேவ் ரகமாக இருக்கட்டும்.

சுவரை ஒட்டி டேபிள்மேல் வைக்கும் அல்ட்ரா ஷார்ட் த்ரோ லேசர் இப்போது நிறைய விற்கிறது. பெயின்ட் அடித்த சுவரே திரை என்று முடிவு செய்தவர்கள் அதை வாங்கக் கூடாது. ஒளி கீழிருந்து மிகச் சாய்வாக ஏறுவதால் சுவரில் 1 மில்லிமீட்டர் மேடு இருந்தாலும் நிழலாக விழும், நேர்கோடு வளையும். அதற்கென்றே வரும் வரிவரியான திரை வேண்டும். அந்த விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஃபேனும் அட்டாலியும்

த்ரோ ரேஷியோ என்பது லென்ஸுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தது. 87 அங்குல அகலத்துக்கு 1.2 ரேஷியோ மிஷின் 8 அடி 9 அங்குலம் கேட்கும், 1.5 ரேஷியோ 11 அடி கேட்கும். மிஷினின் நீளம் ஒரு அடி, பின்னால் வயருக்கும் காற்றுக்கும் அரை அடி. 12 அடி ரூமில் லென்ஸுக்குக் கிடைப்பது பத்தரை அடிதான். 1.5 ரேஷியோ மிஷின் அங்கே 100 அங்குலம் தராது.

அடுத்தது நடு ரூமில் தொங்கும் சீலிங் ஃபேன். 10 அடி சீலிங்கில் ஃபேன் இறக்கை ஏறத்தாழ 9 அடியில் சுற்றும். பின்சுவர்ப் பக்கம் மிஷினையும் அதே உயரத்தில் தொங்கவிட்டால் ஒளி இறக்கை வழியாகத்தான் போயாக வேண்டும், படம் துடிக்கும். லென்ஸை 7 அடிக்கு இறக்குங்கள். பல டிஎல்பி மிஷின்களில் படம் லென்ஸ் மட்டத்திலிருந்து அதன் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு தள்ளியே தொடங்கும். தலைகீழாக மாட்டினால் 100 அங்குலப் படத்தின் மேல்விளிம்பு 6 அடி 7 அங்குலத்திலும், கீழ்விளிம்பு இரண்டரை அடியிலும் விழும். சோபாவில் உட்காருகிறவரின் கழுத்துக்கு அது இதம். அட்டாலி (பரண்) இருக்கிறதே என்று மிஷினை நிமிர்த்தி அதன்மேல் வைத்தால் படம் மேலே ஏறிச் சீலிங்கில் விழும். அதைக் கீழே இழுக்க மிஷினைக் குனியவைத்து, கோணலான படத்தை மெனுவில் நேராக்கும் கீஸ்டோன் போட்டால் பிக்சலும் வெளிச்சமும் வீணாகும். லென்ஸையே மேலும் கீழும் நகர்த்தும் லென்ஸ் ஷிஃப்ட் உள்ள மிஷினுக்கு மட்டும் அட்டாலி சரிப்படும்.

சுவரா, பலகையா, வாங்கிய திரையா

வீடு சொந்தம், சுவர் காய்ந்தது, நேராக இருக்கிறது என்றால் பெயின்டை மிஞ்ச எதுவும் இல்லை. பொருள் செலவு இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். அதன்மேல் பெயின்டர் கூலி. சுருட்டி இழுக்கும் மலிவுத் திரை கொஞ்ச நாளில் இரண்டு ஓரமும் உள்ளே மடங்கி நடுவில் அலை விழும். ஃபேன் போட்டால் ஆடும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய நிலையான திரை நல்லதுதான், ஆனால் அந்தப் பணத்தில் சுவரைச் சரிசெய்து ஜன்னலுக்கு இரட்டைத் திரைச்சீலையும் போட்டுவிடலாம். ஃப்ளெக்ஸ் பேனர் பளபளப்பதால் நடுவில் ஒளித்திட்டு விழும். பெட்ஷீட் வெளிச்சத்தைப் பின்னால் விட்டுவிடும். சென்னிமலை பெட்ஷீட்டைப் படுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை வீட்டுக்கும் ஈரச் சுவருக்கும் பலகைதான் வழி. 8க்கு 4 அடி எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த) பலகையில் 16:9 படம் அதிகபட்சம் 97 அங்குலம் வரும். சுற்றி 2 அங்குலம் கறுப்பு பார்டர் விட்டால் 89தான் மிஞ்சும். 12 மில்லிமீட்டர் பலகை 27 கிலோ வரை எடை இருக்கும். பின்னால் மரச் சட்டம் அடித்து நாலு இடத்தில் தாங்கவிடுங்கள். முன்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்தால் ஒரு பக்கம் ஈரம் குடித்து வில் போல வளையும். பின்பக்கத்துக்கும் ஓரங்களுக்கும் பிரைமர் கட்டாயம்.

பூச்சு வேலை

முதலில் சுவரின் ஜாதகத்தைப் பாருங்கள். பின்னால் பாத்ரூம் இருக்கிற சுவர் வேண்டாம். புதுப் பூச்சு என்றால் 28 நாளாவது ஆறட்டும். நொய்யல் ஓரத்து ஊர்களில் உப்பு போர்த் தண்ணியில் கட்டிய சுவர்கள் நிறைய. அவற்றில் உப்பு பூத்து, எந்தப் பெயின்டையும் உள்ளிருந்து தள்ளிப் பொரிய வைக்கும். கையால் தடவினால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறது என்றால் அந்தச் சுவரோடு மல்லுக்கட்டாமல் பலகைக்குப் போய்விடுங்கள். பழைய சுண்ணாம்பு இருந்தால் முழுக்கச் சுரண்டுங்கள். அதன்மேல் பட்டி (வால் புட்டி) பிடிக்காது. பழைய பெயின்ட் பளபளப்பானது என்றால் 120 நம்பர் உப்புத்தாளால் மினுமினுப்புப் போகத் தேயுங்கள்.

100 அங்குலத்துக்கு 8க்கு 5 அடி, அதாவது 40 சதுர அடி தயாரானால் போதும். 8 அடி நேரான அலுமினியச் சட்டத்தைக் கிடையாக, நெட்டாக, குறுக்காக வைத்துப் பாருங்கள். இடைவெளி 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பட்டியிலேயே சரிசெய்யலாம். அதற்கு மேல் பள்ளம் என்றால் கொத்தனாரை விட்டுப் பூசச் சொல்லுங்கள். பட்டியைத் தடிமனாக அப்பினால் காய்ந்ததும் வெடிக்கும். ஒரு கோட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர்தான் எல்லை. முதல் கோட் மேலிருந்து கீழ், இரண்டாவது குறுக்காக. 5 கிலோ பட்டி போதும். 180 உப்புத்தாளில் தொடங்கி 320இல் முடியுங்கள்.

ராத்திரி லைட்டை அணைத்து, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் படுக்கவைத்து அடியுங்கள். பகலில் கண்ணாடி மாதிரி தெரிந்த சுவரில் பட்டித் தகடு போட்ட கோடெல்லாம் தெரியும். அவற்றை இப்போதே தேய்த்துவிட வேண்டும்; பெயின்ட் எதையும் மூடாது. பிறகு துடைத்து, தண்ணி பிரைமர் ஒரு கோட் அடியுங்கள், அரை லிட்டர் போதும். மறுபடி டார்ச் அடித்துப் பாருங்கள்.

மேல்பூச்சுக்கு ஒரு லிட்டர் மேட் எமல்ஷன் மூன்று மெல்லிய கோட்டுக்கு வரும். இங்கேதான் பெயின்டர் குறுக்கே வருவார்: "ஏனுங்க, மேட் அடிச்சா கை பட்டா அழுக்கு நிக்குமுங்க. ஷீன் அடிச்சுக்கலாமுங்க." ஹால் சுவருக்கு அவர் சொல்வது நியாயம். திரைக்கு, லேசாகப் பளபளக்கும் அந்த ஷீன் அடித்தால் நடுவில் பல்பு எரிகிற மாதிரி ஒரு வெளிச்சத் திட்டு விழும், நாம் நகர நகர அதுவும் நகரும். டப்பாவில் மேட் என்ற சொல் இருக்கிறதா என்று நீங்களே பார்த்து வாங்குங்கள். கலக்கிற தண்ணி சிறுவாணியோ பில்லூரோ காவிரியோ, நல்ல தண்ணியாக இருக்கட்டும்; உப்பு போர்த் தண்ணி வேண்டாம். அளவு டப்பாவில் போட்டபடி. பெயின்டை நைலான் துணியில் வடிகட்டுங்கள்.

9 அங்குல ரோலரில் ரோமம் 4 அல்லது 5 மில்லிமீட்டர் இருப்பதைக் கேளுங்கள். நீள ரோமம் புள்ளி புள்ளியாகத் தடம் விடும், ஸ்பாஞ்ச் ரோலர் குமிழ் விடும். புது ரோலரை அலசிக் காயவைத்து, டேப் ஒட்டி உதிரி நூலை எடுத்துவிடுங்கள். பெயின்டைப் பரப்பியபின் கடைசி இழுப்பு ஒவ்வொன்றும் மேலிருந்து கீழாக, ஒரே திசையில், அழுத்தாமல். பத்து நிமிஷத்துக்குள் ஒரு கோட் முடிய வேண்டும். பாதி காய்ந்த இடத்தில் ரோலர் திரும்பப் போனால் பட்டை பட்டையாகத் தெரியும். இந்த ஊர் வெயிலில் இதுதான் பெரிய எதிரி. அதனால் காலை ஆறு மணிக்கே தொடங்குங்கள், ஃபேனை அணைத்துவிடுங்கள். பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆனி, ஆடியில் ஜன்னலையும் சாத்துங்கள். அந்தக் காற்று பெயின்டைச் சீக்கிரம் உலர்த்துவதோடு மண்ணையும் கொண்டுவந்து ஒட்டும். கோட்டுக்குக் கோட் நாலு மணி நேரம்.

24 மணி நேரம் காய்ந்தபின் முழு வெள்ளைப் படத்தைப் போட்டு, ரூமில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து பாருங்கள். பட்டை தெரிந்தால் 320 உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து இன்னொரு கோட்.

வெள்ளையா, சாம்பலா

சாம்பல் நிறம் அடித்தால் பகலிலும் படம் தெரியும் என்று சொல்கிறார்கள். தெரியாது. மேட் சாம்பல் ஜன்னல் வெளிச்சத்தை எவ்வளவு குறைக்கிறதோ அவ்வளவு படத்தையும் குறைக்கும். அது உதவுவது வேறு இடத்தில். திரையின் வெளிச்சம் வெள்ளைச் சீலிங்கில் பட்டுத் திரும்பவும் திரைமேல் விழுகிறதே, அதைச் சாம்பல் அடக்கும். கறுப்பும் கொஞ்சம் ஆழமாகத் தெரியும். விலை வெளிச்சம்தான். 60 சதவீதம் மட்டும் திருப்பும் சாம்பலில் 100 அங்குலத்துக்கு 560க்குப் பதில் 800 லூமென் வேண்டும். மிஷினில் வெளிச்சம் மிச்சம் இருந்தால் வெளிர் சாம்பல், இல்லாவிட்டால் வெள்ளை. டின்டிங் மிஷினில் வெள்ளையோடு கறுப்பு மட்டும் சேர்த்தால் சாம்பல் நீலம் பாயும். மஞ்சள் காவியும் சிவப்பும் துளி சேர்ந்த நியூட்ரல் கிரேயைக் கேட்டு, காய்ந்த மாதிரியைப் பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளோடு வைத்துப் பார்த்து வாங்குங்கள். வீடியோக்களில் காட்டும் சில்வர் கலவைப் பக்கமே போக வேண்டாம். ஜிகினா மினுங்கும், ரோலர் தடம் ஒவ்வொன்றும் கோடாகத் தெரியும்.

சாம்பலைவிடப் பலன் தருவது, திரையை ஒட்டிய நாலைந்து அடி சீலிங்கையும் பக்கச் சுவரையும் இருண்ட மேட் நிறம் அடிப்பது. வீட்டுக்குள் கறுப்பா என்று பெரியவர்கள் முகம் சுளித்தால் அடர் காப்பிக்கொட்டை நிறமோ கருநீலமோ அடியுங்கள். பலன் ஏறத்தாழ அதேதான்.

பார்டரைப் புரொஜெக்டர் மாட்டிய பிறகே வையுங்கள். சுவரில் முதலிலேயே சட்டம் வரைந்துவிட்டு, அதற்குள் படத்தைப் பொருத்த முயன்றால் கடைசியில் கீஸ்டோனில் போய் நிற்கும். படத்தைச் சரியாக நிறுத்தி, மூலைகளைப் பென்சிலில் குறித்து, 3 அங்குலக் கறுப்பு வெல்வெட் பட்டையைப் படத்தின் விளிம்பு அதன்மேல் அரை அங்குலம் ஏறும்படி ஒட்டுங்கள். ஓரத்தில் வழியும் வெளிச்சத்தை வெல்வெட் விழுங்கிவிடும். ஒப்பணக்கார வீதியிலோ ஈரோடு கனி மார்க்கெட்டிலோ இரண்டு மீட்டர் வாங்கி நீளவாக்கில் பட்டையாக வெட்டி, ஒட்டுப்போட்டால் நாலு பக்கத்துக்கும் காணும்.

அதன்பிறகு அந்தச் சுவரை ஈரத் துணியால் துடைக்காதீர்கள். தேய்த்த இடம் மினுங்கத் தொடங்கிவிடும். தூசிக்கு மெல்லிய பிரஷ் போதும். குழந்தை கிரேயானால் கிறுக்கிவிட்டால் அந்த இடத்தில் மட்டும் தொட்டு அடித்து மறைக்க முடியாது, காய்ந்ததும் திட்டு தனியாகத் தெரியும். மிச்சப் பெயின்டை இறுக மூடி வைத்திருந்தால் மூலைக்கு மூலை ஒரு கோட் அடித்துவிடலாம்.